குட்டிக்குக் கோபம் வந்த நாள்

"டீயை அங்கேயே வெச்சுட்டுப் போ. குடிக்கணும்னு தோணினா குடிச்சுக்கறேன்."

கண்ணாடிக் கடைக்காரர் சொல்லிவிட்டுச் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிட்ட மனிதர். சொந்த மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்த்துத்தான் பல நாளாகிறது. கேட்டால் காரணம் சொல்வார். கூடப் பிறந்த தங்கையை வீட்டைவிட்டு அனுப்பத் துடிக்கிறவள் கொடுக்கிற டீ தொண்டையில் இறங்குமா?

இறங்காவிட்டால் போகட்டும் என்று அண்ணி டம்ளரை மேஜைமேல் வைத்தாள். கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

அண்ணி என்றுதான் அவளை அந்தத் தெருவே கூப்பிடும். எல்லாம் குட்டி செய்த வேலை. காலையில் கண் விழித்ததிலிருந்து "அண்ணி சீப்பு எங்க, அண்ணி துண்டு எங்க" என்று குட்டி போடுகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கும் தபால்காரருக்கும்கூட அவள் அண்ணியாகிவிட்டாள்.

குட்டிக்கு நாற்பது தாண்டிவிட்டது. முன்நெற்றியில் நரை. கண்ணாடிக் கடைக்காரருக்குக் கடைசித் தங்கை என்பதால் குட்டி. இருபது வயதில் யாரோ காதுக்குள் பேசுகிறார்கள் என்று அழ ஆரம்பித்தாள். ஒரு மழைக்காலத்தில் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். ஊர் ஊராகத் தேடி, கடைசியில் அண்ணன்தான் ஒரு பஸ் நிலையத்தில் அவளைக் கண்டுபிடித்துத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, மாத்திரை, மெல்ல மெல்லக் குணம். காதுக்குள் பேசினவர்கள் போய்ப் பல வருடமாகிவிட்டது. வீட்டில் இருப்பவர்கள்தான் இன்னும் அவளைப் பார்த்தபடியே இருந்தார்கள்.

"என்னடா, இன்னும் அந்த ஆஸ்பத்திரி அம்மா வரலையா?" என்று கேட்டுக்கொண்டே பெரியக்கா உள்ளே நுழைந்தார். அண்ணன் தங்கை இருவருக்கும் மூத்தவர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தை விட்டாரே தவிர அதட்டலை விடவில்லை. உட்கார்ந்ததும் அண்ணியைப் பார்த்துத் தொடங்கிவிட்டார். "நான் ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டே, இல்லேன்னு சொல்லல. இப்ப திடீர்னு என்ன வந்துச்சு? அவ உனக்குப் பாரமா?"

"பாரம்னு நான் சொல்லலையே அக்கா…"

"பின்ன? 'குட்டி தனியா இருந்து பழகட்டும்'னு சாப்பாட்டு நேரத்துல பேச்சை எடுத்தது யாரு? நானா? பெத்தவங்க இருந்திருந்தா இப்படிப் பேச உனக்கு வாய் வந்திருக்குமா?"

 அண்ணி வாய்வரை வந்த ஒரு வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாதபடி குட்டி அவளைக் கட்டிப்போட்டிருந்தாள்.

மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது நடந்தது அது. குட்டி ஈரத் துணியை உதறாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு மாடி வீடு இருக்குல்ல… அங்க ஒரு இடம் காலியாம். என்னை மாதிரி ரெண்டு பேர் இருக்காங்களாம். தினமும் காலையில ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தங்க வந்து பார்த்துட்டுப் போவாங்களாம். சலவைப் பிரிவுல துணி மடிக்கிற வேலையும் உண்டாம். நான் போறேன் அண்ணி… எனக்குப் போகணும்."

"நல்ல விஷயம்தானே! அண்ணன்கிட்ட சொல்லு."

"ஐயோ, நான் சொன்னா மறுபடி ஆரம்பிச்சிடுச்சுன்னு அரை மாத்திரை குடுத்துடுவாங்க! நீங்க சொல்லுங்க. உங்க யோசனைன்னே சொல்லுங்க. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. என்மேல சத்தியம்!"

அந்த அரை மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எப்போதோ ஒரு டாக்டர், "ராத்திரியெல்லாம் தூங்காம ரொம்பப் பரபரப்பா இருந்தா மட்டும் அரை மாத்திரை கூடக் குடுங்க" என்று சொல்லியிருந்தார். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். "மட்டும்" என்ற சொல்லும் அவரோடு போய்விட்டது. குட்டி குரலை உயர்த்தினால் அரை மாத்திரை. டி.வி. பார்த்து அழுதால் அரை மாத்திரை. ஒரு தடவை கடையில் நடந்த கூத்தை அண்ணன் சொல்லக் கேட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அதற்கும் அரை. மாத்திரைகளைப் பாதியாக உடைத்து டப்பாவில் போட்டு அலமாரியில் வைப்பது அண்ணியின் வேலை. புதிதாக வந்த டாக்டர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. குட்டி சாதுவாகிவிட்டாள் என்று வீடே சந்தோஷப்பட்டது. அண்ணியும்தான்.

ஆக, குட்டி கேட்டதை அண்ணி தன் ஆசையாகச் சொன்னாள். அன்றைக்குப் பிடித்தது சனி. கணவர் பேச்சை நிறுத்தினார். பெரியக்கா பேச்சை ஆரம்பித்தார். இருந்தும் அண்ணி ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்; பழி முழுக்க அவள் தலையில்.

வாசல் மணி அடித்தது. குட்டி தனியாக இருக்கத் தகுதியானவளா, நாலு பேரோடு பழகத் தெரிந்தவளா என்று பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்பட்ட பெண். பெரியக்கா அவளுக்குப் பரீட்சை மேடம் என்று பெயர் வைத்திருந்தார். முதல் தடவை அவள் வந்தபோது பெரிய சொதப்பலாகிவிட்டது. "ஒரு டீ போடுங்க" என்று குட்டியிடம் சொன்னாள். குட்டி அடுப்பைப் பார்ப்பதற்குள் அண்ணி அதைப் பற்ற வைத்தாள். சர்க்கரையைத் தேடுவதற்குள் டப்பாவைத் திறந்து நீட்டினாள். பெரியக்கா வாசற்படியில் நின்று, "பாலை ஊத்து… பாலை ஊத்து…" என்று அடியெடுத்துக் கொடுத்தார். கடைசியில் டீ நன்றாகத்தான் இருந்தது. அதைப் போட்டது மட்டும் குட்டி இல்லை.

"இன்னிக்கு வீட்டுக்காரங்க யாரும் உள்ள வரக்கூடாது" என்றாள் பரீட்சை மேடம், செருப்பைக் கழற்றும்போதே. "அந்த இடத்துக்கு இன்னொருத்தரும் கேட்டிருக்காங்க. இன்னிக்குப் பார்த்துட்டு நான் முடிவு சொல்லணும்."

மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம். அண்ணி எழுந்தாள், உட்கார்ந்தாள். பால் தீய்ந்த வாசனை வந்தது. தீயைக் குறைடி, குறைடி என்று அவள் உள்ளுக்குள் கத்தினாள். பெரியக்கா எழுந்தே விட்டார். அண்ணி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பெரியக்காவின் கையை அப்படி இழுத்தவர் அந்தக் குடும்பத்தில் அதுவரை யாருமில்லை.

கொஞ்ச நேரத்தில் குட்டி இரண்டு டம்ளருடன் வந்தாள். ஒன்றைப் பரீட்சை மேடத்திடம் கொடுத்தாள். இன்னொன்றைத் தானே குடிக்க ஆரம்பித்தாள்.

"எங்களுக்கெல்லாம் கிடையாதா?" என்றார் பெரியக்கா.

"நீங்க கேக்கலையே" என்றாள் குட்டி. பரீட்சை மேடம் சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

அடுத்தது கடை. துணி சோப்பும் ஒரு பல்பும் வாங்கி வர வேண்டும். பரீட்சை மேடம் பத்தடி தள்ளிப் போனாள். வீட்டில் இருக்கச் சொல்லியும் கேட்காமல் அண்ணி தெருமுனைவரை போய் ஒரு கம்பத்தின் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். குட்டி சாலையைச் சரியாகக் கடந்தாள். கடைக்கு முன்னால் வரிசையில் சரியாக நின்றாள். அவள் முறை வந்தபோது, போனைக் காதில் வைத்திருந்த ஒரு தடித்த ஆள் பேசிக்கொண்டே அவளுக்கு முன்னால் வந்து நின்றான். குட்டி புன்னகையோடு ஒதுங்கினாள். அடுத்து ஒரு அம்மாள். அதற்கும் புன்னகை. வாயைத் திறந்து கேளுடி! அண்ணிக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. வரிசை கரைந்து, புது ஆட்கள் வந்து, அவர்களும் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் குட்டியைக் கடைக்காரர் கவனித்தார். துணி சோப்பு கேட்டவளுக்குக் குளிக்கிற சோப்பை எடுத்துக் கொடுத்தார். குட்டி அதைப் புரட்டிப் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டாள்.

கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்ததும் பரீட்சை மேடம் சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"சமையல் சமாளிச்சுக்குவாங்க. சாலை, பஸ், போன், மாத்திரை நேரத்துக்கு எடுத்துக்கறது… அதெல்லாம் பரவாயில்ல. ஒண்ணுதான் எனக்குப் பயமா இருக்கு. இவங்களுக்கு யார்கிட்டயும் 'இல்ல, முடியாது'ன்னு சொல்ல வரமாட்டேங்குது. அந்த வீட்டுல முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேரோட இருக்கணும். போர்வையைக் கேட்டா குடுத்துடுவாங்க, சாப்பாட்டைக் கேட்டாலும் குடுத்துடுவாங்க. தனக்கு ஒண்ணு வேணும்னு கேக்கத் தெரியாதவங்களை நான் எப்படி அங்க அனுப்பறது? இப்ப வேணாம்னுதான் சொல்லப்போறேன்."

குட்டி தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணி குட்டியின் கையிலிருந்த சோப்பைப் பார்த்தாள். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு ஏச்சு வாங்கி, கடைசியில் ஒரு சோப்பை மாற்றிக் கேட்கத் தெரியாததால் எல்லாம் போச்சா!

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். அவருடைய குரலில் இருந்த நிம்மதி அண்ணிக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. பெரியக்காவோ கிடைத்த சந்தர்ப்பத்தை விடவில்லை.

"இப்ப திருப்தியா உனக்கு? அவளை வெளிய தள்ளிட்டு நிம்மதியா இருக்கலாம்னு கணக்குப் போட்டே. நடக்கலையேன்னு முகம் எப்படித் தொங்கிப்போச்சு பாரு!"

"அக்கா, போதும்…"

"என்ன போதும்? வாயில்லாப் பூச்சி அவ. வேற வீட்டிலிருந்து வந்தவளுக்கு எப்படி இருக்கும் அந்தப் பாசம்?"

"கேக்கறாங்கல்ல, பதில் சொல்லு" என்றார் கணவர். "இவ்வளவு வருஷமா மனசுல வெச்சுக்கிட்டுத்தான் சோறு போட்டியா?"

அண்ணியின் கண்ணில் நீர் முட்டியது. ஒரே ஒரு வாக்கியம் போதும், இருவர் வாயையும் அடைத்துவிடலாம். அவள் குட்டியைப் பார்த்தாள். குட்டியின் விரல்கள் சோப்பு உறையைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

"ஆமா" என்றாள் அண்ணி. "நான்தான் சொன்னேன். என் யோசனைதான். எல்லாம் என் தப்புன்னே வெச்சுக்குங்க…"

"நிறுத்துங்க!"

மேஜைமேல் உள்ளங்கை விழுந்த சத்தத்தில் டம்ளர் குதித்தது. குட்டி எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. "அவங்க சொல்லல! நான் கேட்டேன்! நான்தான் போறேன்னு சொன்னேன்! அவங்களைத் திட்டறதை நிறுத்துங்க ரெண்டு பேரும்!"

 கண்ணாடிக் கடைக்காரர் பதறி எழுந்தார். "வந்துடுச்சு… மறுபடி வந்துடுச்சு! ஏய், நின்னுக்கிட்டு என்ன பார்க்கற? அரை மாத்திரை எடு!"

பழக்கம் என்பது பொல்லாதது. அண்ணியின் கால் தானாக அலமாரிக்குப் போனது. கை தானாக டப்பாவைத் திறந்தது. பாதி மாத்திரை உள்ளங்கையில் விழுந்த பிறகுதான் அவள் திரும்பினாள்.

"நீங்களுமா அண்ணி?" என்றாள் குட்டி.

அண்ணி உள்ளங்கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தாள். நோயும் இல்லாத, பரபரப்பும் இல்லாத எத்தனையோ நாட்களில் இந்தக் கையாலேயே தண்ணீரோடு நீட்டியிருக்கிறாள். "நல்ல பொண்ணுல்ல, முழுங்கிடும்மா" என்று கொஞ்சியிருக்கிறாள். பெற்ற தாய் மாதிரி பார்த்துக்கொள்கிறாள் என்று ஊர் சொன்னதைக் கேட்டுப் பூரித்துப் போனவளும் அவள்தான்.

மாத்திரையை டப்பாவில் போட்டு அழுத்தி மூடினாள்.

"குடுக்க மாட்டேன்."

"என்ன சொல்ற நீ?"

"இது வியாதி இல்லீங்க. கோபம். வெறும் கோபம்! உங்க அக்காவுக்குத் தினம் வருதே, அதே கோபம்தான். அவங்களுக்கு எத்தனை மாத்திரை குடுத்திருக்கோம் நாம?"

பெரியக்கா வாயைத் திறந்தார். அவசரமாக மூடிக்கொண்டார்.

கண்ணாடிக் கடைக்காரர் பரீட்சை மேடத்தைப் பார்த்தார். "மேடம், நீங்களாவது…"

"நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் அவள், இருந்த இடத்தைவிட்டு அசையாமல். "அவங்க இன்னும் பேசி முடிக்கல."

குட்டிக்கு மூச்சு வாங்கியது. ஆனால் பேச்சு தடுமாறவில்லை. "கடையில அந்த ஆள் முன்னால வந்து நின்னப்ப எனக்கு எவ்வளவு கோபம் வந்துச்சு தெரியுமா? 'யோவ், வரிசையில வாய்யா'ன்னு கத்தணும்னு இருந்துச்சு. தெருமுனையில அண்ணி நிக்கறது எனக்குத் தெரியும். கத்தினா வீட்டுக்கு வந்ததும் அரை மாத்திரை. முழுங்கினா அடுத்த நாள் முழுக்கத் தலையில ஈரச் சாக்கை வெச்ச மாதிரி இருக்கும். அதான் நகர்ந்துட்டேன். சோப்பையும் அதான் கேக்கல. சொல்லத் தெரியாம இல்ல மேடம்… சொன்னா என்ன ஆகும்னு தெரியும்!"

அண்ணி முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணிமேலயும் எனக்குக் கோபம்தான்" என்றாள் குட்டி, விடாமல். "நான் சீப்பை எடுக்கறதுக்குள்ள எடுத்துக் குடுத்துடறாங்க. எது எங்க இருக்குன்னே எனக்குத் தெரிய விடமாட்டேங்கறாங்க. நல்லவங்களா இருக்காங்க, அதனால திட்டவும் முடியல!"

 பெரியக்கா எதையோ தேடுகிறவர் போலக் கைப்பையைத் துழாவினார்.

"குட்டி…" கண்ணாடிக் கடைக்காரரின் குரல் உடைந்தது. "அந்த பஸ் ஸ்டாண்டுல உன்னைப் பார்த்தப்ப… காலுல செருப்பு இல்ல. மழையில நனைஞ்சுக்கிட்டு… என்னைப் பார்த்து 'நீங்க யாரு'ன்னு கேட்டே. நான் எப்படிம்மா உன்னைத் தனியா விடுவேன்? கண்ணை மூடினா அதுதானே வருது எனக்கு…" ஊருக்கெல்லாம் கண் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிள்ளை மாதிரி அழுதார்.

குட்டி அவர் அருகே போனாள். "அண்ணா, அங்க உக்கார்ந்திருந்தது நான். எனக்கு ஞாபகம் இருக்காதா? எனக்கும் பயம்தான். அது மறுபடி வந்தா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்… யார்கிட்ட சொல்லணும், எங்க போகணும், எல்லாம் தெரியும். கோபம் வந்தா என்ன பண்ணணும்னுதான் இந்த வீட்டுல யாருக்கும் தெரியல."

அவர் அவள் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தார்.

"அவதான் கேட்டாள்னு ஏன் சொல்லல நீ? இவ்வளவு பேச்சையும் ஏன் வாங்கிக்கிட்டே?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? 'மாத்திரையை எடு'ன்னுதானே சொல்லியிருப்பீங்க…" அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "நானும் எடுத்துத்தானே குடுத்திருப்பேன். இப்ப எடுத்தேனே, பார்த்தீங்கல்ல…"

பெரியக்கா கைப்பையை மூடினார். "நான் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன்" என்றார் சுவரைப் பார்த்து. அந்தக் குடும்ப வரலாற்றில் அது மன்னிப்புக்கு மிக அருகில் வந்த வாக்கியம்.

பரீட்சை மேடம் குட்டியை எதிரே உட்காரச் சொன்னாள். "அந்த வீட்டுல ஒருத்தங்க உங்க போர்வையை எடுத்துக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"குடுக்க மாட்டேன். எடுத்தா திருப்பிக் கேப்பேன்."

"தரலைன்னா?"

"காலையில வர்றவங்ககிட்ட சொல்லுவேன். அதுக்கு முன்னாடி ஒரு சண்டை போடுவேன்."

"சின்ன சண்டையா போடுங்க" என்றாள் அவள். பிறகு கண்ணாடிக் கடைக்காரரிடம் திரும்பினாள். "நான் சொன்னதை மாத்திக்கறேன். ஒரு மாசம் இருந்து பார்க்கட்டும். சரிப்பட்டா அங்கேயே இருக்கலாம். அதுக்கு முன்னாடி இந்த அரை மாத்திரை விஷயத்தை இப்ப பார்க்கற டாக்டர்கிட்ட நீங்க ரெண்டு பேரும் வந்து சொல்லணும்."

சொன்னார்கள். புது டாக்டர் இருவரையும் நன்றாகத் திட்டினார்.  திரும்பி வரும் வழியில் சாலையைக் கடக்கும்போது அவர் மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

குட்டி கிளம்புகிற காலையில் அண்ணி அவளுடைய பெட்டியில் இன்னொரு போர்வையைத் திணித்துக்கொண்டிருந்தாள். குட்டி வந்து அதை வெளியே எடுத்து வைத்தாள்.

"வேணாம் அண்ணி. அங்க இருக்கு."

"சரி. பஸ் ஏத்திவிட்டு வர்றேன்."

"வேணாம்."

"தெருமுனை வரைக்குமாவது…"

"வேணாம்னு சொல்றேன்ல அண்ணி! சொன்னா கேளுங்க!"

குரல் எதிர்வீடு வரை கேட்டது. அங்கே ஒரு தலை எட்டிப் பார்த்தது. அண்ணிக்குச் சுருக்கென்றது. கண் நிறைந்தது. தாங்கவே முடியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டி, "சரி" என்றாள்.

படி இறங்கிய குட்டி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி ஏறி வந்தாள். அண்ணியைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள், யார் யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் அழுதார்கள். பிறகு குட்டி தன் கண்ணைத் தானே துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வாங்க" என்றாள். "வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுட்டு வாங்க. எனக்கு வேலை இருந்தாலும் இருக்கும்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தாள். அண்ணி வாசலைவிட்டு ஒரு அடிகூட எடுத்து வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.